உங்களுக்காகக் கோர்ட்டில் நின்றவள்

மாமா,

இன்று காலை உங்கள் காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் காலாப்பட்டுக்காரர். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் அதே வேகத்தில் வெளியே எடுத்தார். "இன்னாம்மா, உள்ள ஏதோ மருந்து வாசன அடிக்குது?" என்றார். மருந்து இல்லை, என் மாமனார் கைக்குட்டையில் தெளித்துக்கொள்கிற லாவெண்டர் தண்ணீர், பிரான்ஸிலிருந்து பெரிய மகன் அனுப்புவது என்று சொன்னேன். "ஒரு தடவ வாஷ் வுட்டா போய்டும்" என்றார். நான் மூன்று தடவை விட்டுப் பார்த்துவிட்டேன், போகவில்லை. அதைச் சொன்னால் ஆள் நழுவிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் அந்த வாசனை என் கையில் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இறந்தவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உங்கள் படத்துக்கு மாலை போட வருகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் உங்களோடு போய்விடவில்லை. மாமா என்று எழுதுவதுகூடப் பழக்கதோஷம்தான்.

இந்த வீட்டுக்கு நான் வந்த பதினாலு வருஷத்தில் நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நேரே பேசினால் "இந்தாம்மா". அத்தையிடம் சொல்லும்போது "அந்தப் பொண்ணு". வெளியாள் யாராவது வந்தால், நான் காபி டம்ளரோடு நிற்கும்போதே, "மில்லுக்காரன் பொண்ணு" என்று அறிமுகம் செய்வீர்கள். என் அப்பா முதலியார்பேட்டை மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றவர். மில்லை மூடியதும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போனவர். நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அப்புறம் துலோன் ஊரில் டவுன் பஸ் ஓட்டி, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். இரண்டு பேரும் ஷிஃப்ட் பார்த்து வேலை செய்தவர்கள்தான். அது உங்களுக்கு ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை.

அதைவிட என் வேலை உங்களுக்கு ஆகாது. உழவர்கரையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். "கிளட்ச்ச மிதிக்கச் சொல்லிக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி கேட்பீர்கள். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு வாசலில் நீங்கள் மழையில் நிற்பதைப் பார்த்து, ஸ்கூல் வண்டியை ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினேன். ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினீர்கள். அரைமணி நேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். துண்டு எடுத்துக் கொடுத்தேன். அதையும் அத்தை கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டீர்கள்.

இப்படிப்பட்ட உங்களுக்காக நான் கோர்ட்டில் நின்றேன் என்பதை என் ஸ்கூலில் இன்னும் யாரும் நம்பவில்லை.

அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் அழைத்துப் போய் மத்தியானம் அழைத்து வருவது நீங்கள். அதில் மட்டும் உங்களை நான் குறை சொல்ல முடியாது. புயல் எச்சரிக்கை வந்த நாளில்கூடத் தவறவில்லை. ஆனால் வேறு யாரையும் அந்த வேலையைத் தொடவும் விடவில்லை. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் மூக்கறுபட்டேன்.

ஒரு புதன்கிழமை திரும்பி வருகிறபோது அது நடந்தது. வாய்க்காலுக்கு மேற்கே, சிக்னல் இல்லாத ஒரு நாற்சந்தி. உங்கள் இடப்பக்கத் தெருவிலிருந்து வாடகை ஸ்கூட்டரில் ஒருவன் வந்தான், ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன். காரின் இடது முன்பக்கத்தில் மோதி விழுந்தான். முழங்கால் சிராய்ப்பு, ஸ்கூட்டரின் மூக்கு நொறுங்கியது. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. முக்கில் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். நீங்கள் இறங்கி மன்னிப்புக் கேட்காவிட்டாலும் சும்மாவாவது நின்றிருக்கலாம். நீங்கள் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கி, "நான் அவனுக்கு வலப்பக்கம் வந்தவன். எனக்குத்தான் பிரியோரித்தே. அவன்தான் நிக்கணும்" என்றீர்கள்.

பிரான்ஸில் அதுதான் சட்டமாம். நாற்சந்தியில் உனக்கு வலப்பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தால் நீ நிற்க வேண்டும், முதல் வழி அதற்கு. துலோனில் பஸ் ஓட்டிய காலத்தில் அது உங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. இங்கே வந்து ஸ்டியரிங் பக்கம் மாறியது, ரோட்டில் போகிற பக்கம் மாறியது, இந்த ஒன்று மட்டும் மாறவில்லை. எங்கள் ஊர் நாற்சந்தியில் ஹாரன் அடித்து மூக்கை முதலில் நுழைத்தவனுக்கு வழி என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நீங்களோ ஹாரன் அடிப்பது காட்டுமிராண்டி வேலை என்கிறவர். ஹாரனைத் தொடாமலே ராஜநடை போட்டு நாற்சந்தியைக் கடப்பீர்கள்.

போலீஸ்காரர் ஆபத்தாக வண்டி ஓட்டியதாக எழுதினார். விசாரித்தபோது மரியாதைக் குறைவாகப் பேசியதாகவும் எழுதினார். வயதைக் குறிப்பிட்டு, லைசென்ஸையே ரத்து செய்யலாம் என்றும் ஒரு வரி சேர்த்தார். சம்மன் வந்ததும் உங்கள் சின்ன மகன், அதுதான் என் வீட்டுக்காரர், சென்னையிலிருந்து போனில், "ஒத்துக்கிட்டு ஃபைன கட்டிட்டு வந்துடுங்கப்பா, எல்லாரும் அதத்தான் செய்றாங்க" என்றார். "எல்லாரும் தப்பு பண்ணினவங்க. நான் பண்ணல" என்று வைத்துவிட்டீர்கள். வக்கீல்கள் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். முதலாமவரை வாசலோடு அனுப்பினீர்கள், இரண்டாமவரிடம் சட்டம் படித்த சர்டிபிகேட்டைக் காட்டச் சொன்னீர்கள். அதற்கப்புறம் எந்த வக்கீல் இந்தத் தெருவுக்குள் வருவார்?

என்னை நிற்கச் சொன்னது அத்தைதான். "பெர்மி போய்ட்டா அவரு படுத்துடுவாரும்மா. ரோட்டு சட்டமெல்லாம் ஒனக்குத்தான் தெரியும், நீ போய்ப் பேசேன்" என்றார். லைசென்ஸுக்கு நீங்கள் சொல்லிச் சொல்லி அத்தை வாயிலும் பெர்மி என்றுதான் வரும். என்னிடம் கார் பழகிய ஒரு வக்கீல் பெண் இருந்தாள். கோர்ட் அனுமதித்தால் வக்கீல் அல்லாத ஒருவரும் இன்னொருவருக்காக நிற்கலாம், மனு எழுதிக் கொடுங்கள் என்று வழி சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாசத்தினால் ஒன்றும் நான் சம்மதிக்கவில்லை. ஒரே ஒரு நாளாவது நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நான் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும் என்ற ஆசை. அது மட்டும்தான். இன்னொன்றும் இருந்தது, அது எனக்கே சிரிப்பாக இருந்தது. உங்கள் பிரியோரித்தே நம் ஊர்ச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. முக்கியச் சாலை என்று குறிக்காத நாற்சந்தியில், வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். எல்.எல்.ஆர். தேர்வுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வியை நான் தினமும் மனப்பாடம் செய்ய வைக்கிறேன். எல்லாரும் சரியான பதிலை எழுதிவிட்டு, தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஊரே சிரித்த உங்கள் பிடிவாதம் சட்டப்படி சரி. அதை உங்களிடம் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது தெரியுமா?

சொன்னேன். "அலோர்?" என்றீர்கள். அப்புறம் என்ன என்று அர்த்தம். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்கிற தோரணை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உங்களை உட்காரவைத்து, நடந்ததைப் படிப்படியாகக் கேட்டேன். மேஜையில் நாற்சந்தியை அமைத்தேன். ஊறுகாய் ஜாடி உங்கள் கார். ஒரு கரண்டி அந்த ஸ்கூட்டர். உங்கள் இடது கைக்கு ஒரு சாண் தள்ளிக் கரண்டியை வைத்து, "இவ்ளோ தூரத்துல பாத்தீங்களா?" என்றேன். "எவ்ளோ தூரத்துல?" என்றீர்கள். "இதோ, இங்க." நீங்கள் தலையைத் திருப்பவில்லை. கையை நீட்டி மேஜையைத் தடவினீர்கள். விரல் கரண்டியில் பட்டு அது கீழே விழுந்து சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தீர்கள்.

டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருஷமாகக் கண் தெரியாதவர்களையும், தெரியாததை மறைக்கிறவர்களையும் பார்த்துப் பழகியவள் நான். ஒரு தண்ணீர் டம்ளரை உங்கள் இடப்பக்கமாக மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தேன். மூக்குக்கு நேரே வருகிறவரை உங்கள் கண் அசையவில்லை. டம்ளரை அப்படியே வைத்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அத்தை கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"எத்தன நாளா அத்த?"

"மூணு வருசம் இருக்கும்."

"அப்பறம் எப்படி வண்டி ஓட்டறாரு?"

"வலது பக்கம் அவரு பாப்பாரு. இடது பக்கம் நான் பாப்பேன். முக்கு வந்தா 'வருது'ம்பேன், நிப்பாரு. 'போ'ம்பேன், போவாரு. ஒரு நாளும் தப்பினதில்லம்மா." கறிவேப்பிலைக் காம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கு டயாலிசிஸ்ல ரொம்ப அசத்திடுச்சு. சாஞ்சவ தூங்கிட்டேன். நான் சொல்லல. சொல்லலன்னா ஒண்ணும் வர்லன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு. போலீசுகாரன்கிட்ட அவரு என்னப் பத்தி மூச்சு வுடல பாத்தியா. நான் வேணா கோர்ட்டுல வந்து, எம்மேலதான் தப்புன்னு சொல்லட்டுமா?"

"வாயத் தொறக்காதீங்க" என்றேன். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சில்லை. எனக்கு அப்போது வேறு வார்த்தை வரவில்லை.

நீங்கள் ஏன் ஒத்துக்கொள்ள மறுத்தீர்கள் என்று அப்போது பாதி விளங்கியது. தப்பு நடந்தது என்று நீங்கள் சொல்லிவிட்டால், அது தூங்கிப்போனவர் தலையில் போய் விடியும். அதற்காக உங்களை மெச்சச் சொல்லாதீர்கள். மனைவி மேல் இருந்த அக்கறையில் கால்வாசி அந்த ரோட்டில் நடந்து போகிறவர்கள் மேலும் இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரத்தில்தான் நீங்கள் இரண்டு பேரும் அந்த வழியாக வருவீர்கள். ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஓட்ட, என்ன சாமர்த்தியம்!

திரும்பி வந்து நேராகவே கேட்டேன். "கண்ண டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க மாமா. அப்பறம் வாதாடறேன்."

"ஒனக்குக் கேஸ ஜெயிக்கத் தெரியலன்னா சொல்லு. என் கண்ணப் பத்திப் பேசாத."

"ஜெயிச்சுக் குடுக்கறேன். ஆனா ஜெயிச்சதும் கார் சாவிய எங்கையில குடுத்துடணும். அத்தைய நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

நீங்கள் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டீர்கள். "மொதல்ல ஜெயி. அப்பறம் பாக்கலாம்" என்றீர்கள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் முட்டாள்தனம்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு வியாழக்கிழமை விசாரணை. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேண்ட், நெஞ்சில் பட்டாளத்து மெடல் வேறு குத்திக்கொண்டு வந்தீர்கள். கழற்றச் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டவாலி உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து மனுவை நீட்டினேன். முன் வரிசையில் இருந்த வக்கீல்களில் ஒருவர், "மருமகளா? மாமனாருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்து, "படிச்சிருக்கீங்களா?" என்றார். பி.காம்., டிரைவிங் ஸ்கூலில் வேலை என்றேன். "சரி, பேசுங்க. சுருக்கமா" என்றார்.

ஸ்கூட்டர்காரன் வரவில்லை. தன் ஊருக்குப் போனவன் போனவன்தான். சாட்சி சொல்ல அந்தப் போலீஸ்காரர் மட்டும் வந்திருந்தார், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"சார், அந்த முக்குல சிக்னல் இருக்குதா?"

"இல்ல."

"நிக்கணும்னு போர்டு?"

"அதுவும் இல்ல."

"ரெண்டு தெருவுல எது மெயின் ரோடு?"

"ரெண்டும் ஒரே மாதிரி தெருதாம்மா."

"அப்ப ரெண்டு வண்டியும் ஒரே நேரத்துல வந்தா யாரு நிக்கணும்?"

அவர் நீதிபதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரிய வண்டிதான் பாத்துப் போவணும். அதான வழக்கம்."

"வழக்கம் இருக்கட்டும் சார். சட்டம் இன்னா சொல்லுது?"

அவர் தொப்பியை மறு கக்கத்துக்கு மாற்றினார். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். விதியை வாசித்தேன். ஸ்கூட்டருக்கு வலப்பக்கம் வந்தது கார், ஆகவே நின்றிருக்க வேண்டியது ஸ்கூட்டர். "எல்.எல்.ஆர். எடுக்க வர்றவங்களுக்கு இத தெனமும் சொல்லிக் குடுக்கறேம்மா. தப்பா எழுதினா மார்க் கிடையாது. சரியா ஓட்டினவர் மேல கேஸ் போட்டிருக்காங்க" என்றேன். இந்தத் தடவை வக்கீல்கள் போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஜுரம் அடிக்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. திரும்பி உங்களைப் பார்க்க வேண்டும் என்று துடித்தேன். பார்க்கவில்லை.

அப்போதுதான் நீதிபதி அம்மாள் உங்களைக் கேட்டார். "சட்டம் இருக்கட்டும் பெரியவரே. அந்த ஸ்கூட்டர் வர்றத நீங்க பாத்தீங்களா?"

நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். "அவரு சொல்லட்டும்" என்று கையமர்த்தினார்.

பார்க்கவில்லை என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும், கண் வெளியே வரும், லைசென்ஸ் போகும். அத்தை கடைசி பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிஷத்தில், நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது, சொல்லிவிடக்கூடாதே என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே அளவு. வாழ்நாளில் பொய் சொன்னதில்லை என்று எங்கள் எல்லாரிடமும் மார்தட்டியவர் நீங்கள்.

"பாத்தேன்" என்றீர்கள். கணீரென்று. "நல்லாவே பாத்தேன். நிப்பான்னு நெனச்சேன். அவன்தான நிக்கணும்."

கேஸ் தள்ளுபடி. போலாம் என்றார்கள். அந்தப் பொய் உங்களுடையது, ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு கை கட்டி நின்றவள் நான்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். "சாவி" என்றேன்.

"எதுக்கு?"

"சொன்னீங்கல்ல?"

"பாக்கலாம்னுதான் சொன்னேன். பாத்தேன். கோர்ட்டே என்ன ஓட்டச் சொல்லிடுச்சு. நீ யாரு கேக்க?" கதவைத் திறந்துகொண்டே இன்னொன்றும் சொன்னீர்கள். "நான் பொய் சொன்னப்ப பக்கத்துலதான நின்ன? சொல்லியிருக்கலாமே. ஒனக்கு ஜெயிக்கணும். அவ்ளோதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. நீங்கள் சொன்னது சரி என்பதுதான் காரணம். அத்தை இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வண்டி கேட்டைத் தாண்டும்போது அத்தையின் உதடு அசைந்தது. நின்றீர்கள். ஒரு பஸ் போனது. மறுபடி அசைந்தது. போனீர்கள். உங்கள் கேஸை ஜெயித்துக் கொடுத்தவள் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் போக்குவரத்து ஆபீஸுக்குப் போனேன். என் பிழைப்பே அங்கேதான், எல்லாருக்கும் என்னைத் தெரியும். இன்னாரது பார்வையைச் சோதிக்க வேண்டும், இடது பக்கம் தெரியவில்லை என்று எழுதி, பெயர், உறவுமுறை, கையெழுத்து எல்லாம் போட்டுக் கொடுத்தேன். மொட்டைக் கடுதாசி எழுதுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ரோட்டில் போகிறவர்களை நினைத்துத்தான் எழுதினேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்டு. ஆனால் வேப்பமரத்தடியில் நீங்கள் சொன்ன அந்த வார்த்தை இல்லையென்றால், இன்னும் ஒரு வாரமாவது உங்களிடம் கெஞ்சிப் பார்த்திருப்பேன். அன்றைக்குக் கெஞ்சுகிற மனசு எனக்கு இல்லை. உங்களைத் தோற்கடிக்க வேண்டும் என்றிருந்தது.

உங்களைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். கண் டாக்டர் எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ் ரத்தானது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தீர்கள்.

"ஆபீசுக்கு எழுதினது நீதான?"

"ஆமா."

"அலோர்" என்றீர்கள். சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு பதினோரு மாதம் நீங்கள் இருந்தீர்கள். "இந்தாம்மா"கூட நின்றுபோயிற்று.

அந்தப் பதினோரு மாதமும் உங்கள் காரை நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் வலப்பக்கம் நீங்கள், இடப்பக்கம் அத்தை. என் பக்கத்துச் சீட்டு காலி. அத்தையும் முன்னால் உட்காரக்கூடாது என்பது உங்கள் உத்தரவு. முதல் சில நாட்கள், முக்கு வரும்போதெல்லாம் அத்தை பின்னாலிருந்து "வருது" என்பார். எனக்குத் தெரிகிறதே, எதற்குச் சொல்கிறார் என்று எரிச்சலாக இருக்கும். ஒரு நாள், "நான் பாத்துக்கறேன் அத்த. நீங்க செவனேன்னு கண்ண மூடிக்கிட்டு வாங்க" என்றேன். கரிசனமாகத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், தெரிகிற பக்கம்.

ஒரு காலைப் பொழுதில், ஷேவ் செய்துகொள்ள உட்கார்ந்தவர், நாற்காலியிலேயே போய்விட்டீர்கள். நான் அழவில்லை. அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க அத்த."

"நீ எழுதிக் குடுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எவனாவது செத்திருந்தா அந்தப் பாவத்த எங்க கொண்டுபோய்த் தொலைக்கிறது. தப்பு இல்ல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீ இடது பக்கம் ஒக்காந்துதான வேல பாக்கற? ஓட்டறவனுக்கு வருது, போன்னு சொல்றதுதான ஒன் வேல? நானும் அதத்தான பாத்தேன். வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரிக்காரன் ஊசியப் போட்டு என் ரத்தத்த எடுத்து, கழுவித் திருப்பி ஊத்தறான். சமையல நீ பாத்துக்கற. துணிய மெஷின் பாத்துக்குது. என்ன நம்பி ஒரு ஆளு இருந்தது அந்த ரோட்டுல மட்டுந்தான். எழுதறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

ஸ்கூல் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது அத்தை, உங்களுக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். நியாயமான பதில்தான். எந்தக் கோர்ட்டிலும் எடுபடும். என் வாயிலிருந்து வரவில்லை. கேட்கவில்லை அத்தை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பாத்திரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் வைத்திருந்தேன் மாமா. ஜெயிக்கத்தான் நின்றேன், ஆமாம். தோற்கடிக்கத்தான் எழுதினேன், ஆமாம். மறுபடியும் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். உங்களுக்கு இன்றும் நான் கடன்படவில்லை. ஆனால் உங்களோடு போட்ட சண்டையில், நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்க்கவில்லை, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நானும் பார்க்கவில்லை. தினமும் காலையில் ஸ்கூல் வண்டியில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது எனக்கு அது நினைப்பு வருகிறது. பழகுகிறவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு, வருது என்றால் நின்று, போ என்றால் போகிறார்கள்.

அத்தையை இப்போதும் வாரம் மூன்று நாள் நான்தான் அழைத்துப் போகிறேன், நேற்று வரை உங்கள் காரில், இனி ஸ்கூல் வண்டியில். பின்சீட்டில் ஏறி, நான் சொல்லிவைத்த மாதிரியே கண்ணை மூடிக்கொள்கிறார். முன்னால் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். நேற்றும் கூப்பிட்டேன்.

"எதுக்கும்மா?" என்றார்.